கடையில் 128, லேப்டாப்பில் 85: வாங்கிய பாட்டின் டெம்போவும் டேக்கும் ஒத்துப்போகாதபோது

காசு கொடுத்து வாங்கிய பாட்டுதான், நல்ல தரமான ஃபைல்தான், ஆனாலும் இரண்டு பாட்டின் அடியை ஒட்டவைக்க சிங்க் போட்டால் உதைக்கிறது, தேடினால் கிடைக்க மாட்டேன் என்கிறது, பிளேயரில் பெயரே வரவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் டிஜே போடுகிற தம்பிகள் கேட்கும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். கன்ட்ரோலர் போச்சு, லேப்டாப் போச்சு என்று பயப்படுவதற்கு முன்னால் பாட்டோடு ஒட்டிக்கொண்டு வந்த விவரங்களைப் பாருங்கள். கோளாறு அங்கேதான் இருக்கும்.

ஒரு பாட்டின் டெம்போ மூன்று இடத்தில் இருக்கும். வாங்கிய கடையின் பக்கத்தில் ஒன்று, ஃபைலுக்குள் பெயர், ஆண்டு போன்ற விவரம் எழுதியிருக்கும் டேக்கில் ஒன்று, அப்புறம் ரெகார்ட்பாக்ஸ், செராட்டோ, வர்ச்சுவல் டிஜே என்று நீங்கள் எந்த டிஜே மென்பொருளை வைத்திருக்கிறீர்களோ அதன் சொந்தக் கணக்கில் ஒன்று. மூன்றும் ஒரே எண்ணைச் சொல்லும் என்று நம்பிவிடுகிறோம். கடையில் இருப்பது அவர்கள் பக்கத்து மென்பொருளோ பாட்டை ஏற்றியவரோ சொன்னது. டேக்கில் இருப்பது யாரோ எப்போதோ எழுதியது, பல நேரம் காலியாகவே இருக்கும். உங்கள் மென்பொருள் சொல்வது அதன் ஊகம். அதனால் எந்தக் கோளாறு வந்தாலும் முதலில் கேட்க வேண்டியது, இந்த மூன்றில் பொய் சொல்வது எது என்பதுதான்.

பஞ்சாயத்து பண்ண உங்கள் காதுதான் வேண்டும். ஃபோனில் ஸ்டாப்வாட்சை எடுத்துக்கொண்டு பாட்டின் அடியைத் தட்டுங்கள். முதல் அடியை சைபர் என்று எண்ணி ஓட விடுங்கள், 32 வந்ததும் நிறுத்துங்கள். 1920-ஐ வந்த நொடிகளால் வகுத்தால் அதுதான் பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற எண். 15 நொடி என்றால் 128, 16 நொடி என்றால் 120, 19.2 நொடி என்றால் 100. முதல் அடியை ஒன்று என்று எண்ணிவிட்டால் 120 பாட்டு கிட்டத்தட்ட 124 ஆகிவிடும், கவனம்.

கடையில் 140, லேப்டாப்பில் 70

இது சப்பை மேட்டர். மென்பொருள் ஒன்று விட்டு ஒன்று அடியை எண்ணியிருக்கிறது, அல்லது இரண்டு மடங்காக எண்ணியிருக்கிறது. 85-க்கு 170, 64-க்கு 128 எல்லாம் இதே கதைதான். ரெகார்ட்பாக்ஸில், அடி விழும் இடங்களைக் குறிக்கும் கோடுகளான கிரிட்டைத் திருத்தும் இடத்தில் இரண்டால் பெருக்க, வகுக்க பட்டன் இருக்கிறது, ஒரு தட்டு தட்டினால் முடிந்தது.

திரும்பத் திரும்ப வராமல் இருக்க வேண்டுமானால் அனலைஸ் செய்வதற்கு, அதாவது மென்பொருளைப் பாட்டை அலசி எண்ண விடுவதற்கு, முன்னாலேயே பிபிஎம் எல்லையை அமைத்துவிடுங்கள். செராட்டோவில் 88 முதல் 175 வரை என்பது போன்ற எல்லைகள் இருக்கும். கீழ் எண்ணின் இரண்டு மடங்கு மேல் எண்ணுக்குப் பக்கத்தில் இருப்பதைக் கவனியுங்கள், பாதியும் இரட்டையும் ஒரே எல்லைக்குள் விழாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. 70-ஆ 140-ஆ, எது சரி என்று சண்டை போட வேண்டாம், ஆடுகிறவன் கால் எதில் விழுகிறதோ அதை வையுங்கள். ஆனால் உங்கள் லைப்ரரி முழுக்க ஒரே வழக்கமாக இருக்கட்டும். பாதிப் பாட்டு 70-லும் பாதி 140-லும் கிடந்தால் டெம்போ வரிசையில் அடுக்கிப் பார்ப்பதற்கு அர்த்தமே இல்லை.

குத்துப் பாட்டு, எண் பாதியும் இல்லை, இரட்டையும் இல்லை

"ணா, கையால தட்டுனா 120 வருது, இது 180 காட்டுது. ரெண்டால வகுத்தா 90. எதுவுமே ஒட்ட மாட்டேங்குது." இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டு டிஜே பாடங்களில் இது அதிகம் வராது, நமக்கோ வாரா வாரம் வரும்.

டப்பாங்குத்துப் பாட்டுகளில் நிறையவே ஆறு-எட்டு. நம் கணக்கில் திஸ்ர நடை: ஒவ்வொரு அடிக்குள்ளும் மூன்று தட்டு, தகிட தகிட. மென்பொருளோ நாலு-நாலு பாட்டுகளையே அதிகம் எதிர்பார்க்கும். ஒரு அடிக்குள் இரண்டு தட்டு, நான்கு தட்டு என்றுதான் தேடும். நிமிடத்துக்கு 120 அடி, அடிக்கு மூன்று தட்டு என்றால் மொத்தம் 360 தட்டு. அதை மும்மூன்றாகச் சேர்த்தால் 120, சரியான விடை. இரண்டிரண்டாகச் சேர்த்தால் 180. நந்நான்காகச் சேர்த்தால் 90. மென்பொருளின் கணக்கில் பிழை கிடையாது, சேர்த்து எண்ணிய விதம்தான் தப்பு. தலைப்பில் இருக்கும் 128-உம் 85-உம் இந்த வகைதான்: 128-இல் மூன்றில் இரண்டு பங்கு 85.33.

அதனால் காது சொல்லும் எண்ணும் திரை சொல்லும் எண்ணும் ஒத்துப்போகாதபோது முதலில் இரண்டால் பெருக்கி வகுத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் மூன்றில் இரண்டு, நான்கில் மூன்று, அவற்றின் தலைகீழ். மிக்ஸ்எக்ஸ் என்கிற இலவச மென்பொருளில் பாட்டின் மேல் வலது கிளிக் செய்தால் இந்தப் பின்னங்கள் எல்லாமே தனித்தனித் தேர்வாக இருக்கின்றன, குத்துப் பாட்டு அதிகம் போடுபவர்கள் சரிபார்க்கவாவது அதை லேப்டாப்பில் வைத்துக்கொள்ளலாம். மற்றவற்றில் கையால் தட்டிச் சரியான எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். திருத்தியபின் பூட்டிவிடுங்கள். மிக்ஸ்எக்ஸில் பிபிஎம் பூட்டு, ரெகார்ட்பாக்ஸில் அனாலிசிஸ் லாக். பூட்டாமல் விட்டால் அடுத்த முறை லைப்ரரி மொத்தத்தையும் மறுபடி அனலைஸ் செய்யும்போது பழைய தப்பு அப்படியே திரும்பி வந்துவிடும்.

எண்ணைத் திருத்திவிட்டால் மட்டும் வேலை முடியாது. 120-இல் ஓடும் நாலு-நாலு ஹவுஸ் பாட்டையும் 120-இல் ஓடும் குத்தையும் சிங்க் செய்தால் பெரிய அடி பொருந்தும், உள்ளே இருக்கும் சின்னத் தட்டுகள் ஒன்றையொன்று இடிக்கும், சலசலவென்று ஒரு மாதிரி கேட்கும். இதை எந்தக் கடையும் எழுதித் தராது. எம்பி3-க்குள் விவரம் எழுதும் ஐடி3 முறையில் டெம்போவுக்குத் தனி இடம் இருக்கிறது, தாள நடைக்கு இல்லை. அதனால் கமெண்ட் கட்டத்தில் நீங்களே "6-8" என்று எழுதிவிடுங்கள், நாலு-நாலு பாட்டுக்கு ஒன்றும் எழுத வேண்டாம். தேடல் கட்டத்தில் 6-8 என்று அடித்தால் குத்து எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். இந்த வேலைக்கு நான் பீட்போர்ட் என்கிற பாட்டுக் கடையின் வகைப் பெயர்களை விட அதிக மதிப்பு கொடுப்பேன்.

ஆரம்பத்தில் சரி, போகப்போக நழுவுகிறது

முதல் ஒரு நிமிடம் கச்சிதமாக ஒட்டும். இரண்டாவது சரணம் வரும்போது இரண்டு பாட்டின் அடியும் தடதடவென்று தனித்தனியாகக் கேட்கும். இதற்கு இரண்டு காரணம் உண்டு, இரண்டுக்கும் மருந்து வேறு.

முதலாவது, முழு எண்ணாக்கிய டேக். ஐடி3 விதிப்படி டெம்போ கட்டத்தில் இருக்க வேண்டியது முழு எண். எம்4ஏ ஃபைலிலும் அப்படித்தான். பாட்டு உண்மையில் 127.5, டேக்கில் 128 என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு அரை அடி விலகும். ஒரு நிமிடம் முடியும்போதே ஒரு பாட்டின் கிக் (டிரம்ஸின் கனத்த அடி), மறு பாட்டின் இரண்டு கிக்குகளுக்கு நட்டநடுவில் விழும். 0.1 வித்தியாசம்கூட ஐந்து நிமிடத்தில் அரை அடி. அதனால் டேக்கில் இருக்கும் எண்ணைப் பட்டியலை வரிசைப்படுத்த மட்டும் வைத்துக்கொண்டு, சிங்க்குக்கு மென்பொருளையே புதிதாக அனலைஸ் செய்ய விடுங்கள். இன்னொரு பக்கம், கம்ப்யூட்டரில் கிளிக் வைத்துச் செய்த இன்றைய பாட்டுகள் பெரும்பாலும் முழு எண்ணில்தான் இருக்கும், மென்பொருள் 127.98 என்று காட்டினால் 128 என்று மாற்றி, கடைசி நிமிடத்தில் கிரிட் ஒட்டுகிறதா என்று பாருங்கள். முதல் நிமிடத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், நழுவல் கடைசியில்தான் தெரியும்.

இரண்டாவது, மனிதர்கள் உட்கார்ந்து வாசித்த பாட்டு. எழுபதுகள், எண்பதுகளின் சினிமாப் பாட்டுகளில் தபேலாவும் டிரம்ஸும் கையால் வாசித்தது, பல்லவியில் ஒரு வேகம், இடையிசையில் கொஞ்சம் கூடும், சரணத்தில் இறங்கும். இதற்கு ஒரே பிபிஎம் என்று ஒன்று கிடையாது. கடையோ டேக்கோ எந்த எண்ணைச் சொன்னாலும் அது சராசரிதான். ரெகார்ட்பாக்ஸில் அனலைஸ் முறையை டைனமிக் என்று மாற்றுங்கள்; மிக்ஸ்எக்ஸில் டெம்போ மாறாது என்று எடுத்துக்கொள்ளும் தேர்வை நீக்குங்கள். கிரிட் பாட்டோடு வளைந்து போகும். ஆனால் ஒரு எச்சரிக்கை, இந்தப் பாட்டை மாஸ்டர் ஆக, அதாவது மற்றது பின்தொடரும் பாட்டாக, வைத்து அடுத்ததை சிங்க் செய்தால் அடுத்த பாட்டும் சேர்ந்து தள்ளாடும். எலெக்ட்ரானிக் பாட்டை மாஸ்டராக வையுங்கள்.

மாரியம்மன் கோயில் திருவிழாவில் பதிவு செய்த பம்பை, உடுக்கை ஃபைல்களைப் பற்றியும் கேட்கிறார்கள். சாமி வரவர வேகம் ஏறும், அதுதான் அதன் உயிர். அதற்கு கிரிட் போட முயற்சி செய்து ராத்திரியை வீணாக்காதீர்கள். சிங்க்கை அணைத்துவிட்டு, முந்தின பாட்டை எக்கோவில் முடித்து, பம்பையைத் தனியாக விடுங்கள். கூட்டம் பார்த்துக்கொள்ளும்.

எண் சரி, கிரிட்டும் நழுவவில்லை, ஆனாலும் கை தட்டு மாறி விழுகிறது

முதல் அடியை மென்பொருள் தப்பாக எடுத்திருக்கிறது. நான்கில் மூன்றாவதை ஒன்று என்று நினைத்திருக்கும். தனி ஆலாபனை, வசனம், விசில் என்று அடியில்லாத துவக்கம் உள்ள சினிமாப் பாட்டுகளில் இது சகஜம். தாளம் உள்ளே நுழையும் இடத்தில் நிறுத்தி, அங்கே "இதுதான் முதல் அடி" என்று குறித்துவிடுங்கள். அவ்வளவுதான்.

ஒரே பாட்டு, இரண்டு ஃபைல், இரண்டு பிபிஎம்

ஒன்று 120, இன்னொன்று 125 என்று காட்டினால் அந்த 125 எங்கிருந்து வந்தது என்று விசாரியுங்கள். சினிமா நொடிக்கு 24 படச்சட்டம். பால் என்று பெயர் கொண்ட ஒளிபரப்பு முறையின் டிவிக்கும் டிவிடிக்கும் மாற்றும்போது 25-ஆக ஓட்டிவிடுவார்கள். 120-ஐ 24-ஆல் வகுத்து 25-ஆல் பெருக்கினால் மிகச்சரியாக 125. அப்படி எடுத்த பாட்டில் பாடகர் குரலும் கொஞ்சம் கீச்சென்று ஏறியிருக்கும், முக்கால் அரைச்சுரம் அளவுக்கு. பழைய கேசட்டிலிருந்து ஏற்றிய ஃபைல் என்றால் எந்தத் திசையிலும் போயிருக்கலாம், அது டேப் ஓட்டிய மோட்டாரைப் பொறுத்தது. இந்த மாதிரி ஃபைலை டேக் திருத்திச் சரிசெய்ய முடியாது. அழித்துவிட்டுப் பாட்டை ஒழுங்காக வாங்குங்கள்.

வாங்கியது ஒன்று, வந்தது வேறு

இது வாங்கும் நேரத்திலேயே தடுக்க வேண்டிய கோளாறு. நம் பக்கத்தில் மொழிதான் இதற்கு முதல் காரணம். ஓசூர், தேன்கனிக்கோட்டை, பாகலூர் கல்யாணங்களில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் கேட்பார்கள். இப்போது பெரிய படங்கள் ஐந்து மொழியில் ஒரே நாளில் வருகின்றன. அட்டைப் படம் ஒன்றுதான், பாட்டு எண் ஒன்றுதான், நீளம் ஒன்றுதான், பிபிஎம் ஒன்றுதான். தலைப்பு மட்டும் வேறு, சில படங்களில் அதுவும் ஒன்றே. தமிழ் என்று நினைத்து தெலுங்கை வாங்கிவிட்டு மேடையில் போட்ட பிறகு தெரிந்தால் என்ன செய்வது? முன்னோட்டத்தை முழுதாகக் கேளுங்கள், ஆல்பம் பெயருக்குப் பக்கத்தில் மொழி இருக்கிறதா என்று பாருங்கள். வாங்கியதும் டேக்கில் மொழியை எழுதுங்கள், ஐடி3-இல் அதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது, ஆனால் எல்லா டிஜே மென்பொருளும் அதைக் காட்டாது, அதனால் தலைப்பின் கடைசியிலேயே சேர்த்துவிடுவது உத்தமம்.

இந்தத் தொல்லைக்குள் ஒரு லாபமும் இருக்கிறது. இசை ஒன்றே என்பதால் பெரும்பாலும் டெம்போவும் கீயும் (பாட்டின் சுருதி) அடி இடமும் அப்படியே பொருந்தும், பல்லவியைத் தமிழில் விட்டுச் சரணத்தைத் தெலுங்கில் எடுக்கலாம். ஓசூரில் இது செமையாக எடுபடும்.

அடுத்தது வெர்ஷன். ரேடியோ எடிட் மூன்று நிமிடச் சொச்சம், நேராகப் பாட்டில் குதிக்கும். எக்ஸ்டெண்டட் மிக்ஸ் ஐந்தாறு நிமிடம், முன்னும் பின்னும் வெறும் தாளம் இருக்கும், மிக்ஸ் செய்ய இடம் கிடைக்கும். பெயர் ஒன்றாகவே இருக்கும், அடைப்புக்குறிக்குள் எழுதியிருப்பதைப் படிக்காமல் வாங்குபவர்கள்தான் ஏமாறுவது. பெயரில் சந்தேகம் இருந்தால் நீளத்தைப் பாருங்கள், நீளம் பொய் சொல்லாது.

எந்தக் கடை என்ன தரும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கிருஷ்ணகிரி தனி மாவட்டமான அதே 2004-இல் தொடங்கிய பீட்போர்ட், டிஜேக்களுக்காகவே நடக்கும் கடை. பிபிஎம், கீ, வகை, நீளம், லேபிள் எல்லாம் பாட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும், வேவ், ஏஐஎஃப்எஃப் வேண்டுமானால் கூடுதல் காசு. ஆனால் அது எலெக்ட்ரானிக் இசைக்கான சந்தை, அங்கே போய் சினிமாப் பாட்டைத் தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள். பேண்ட்கேம்ப்பில் கலைஞர் என்ன எழுதினாரோ அதுதான் விவரம், டெம்போ பெரும்பாலும் இருக்காது, ஆனால் ஒரே விலையில் எம்பி3, ஃபிளாக், வேவ் என்று எந்த வடிவத்திலும் எடுக்கலாம். தமிழ் சினிமாப் பாட்டுக்கு ஐடியூன்ஸ். 256 கேபிபிஎஸ் எம்4ஏ ஃபைல், பூட்டு கிடையாது, பிபிஎம்மும் கிடையாது, நீங்களே எண்ணிக்கொள்ள வேண்டும். மாதச் சந்தா ஆப்பில் டவுன்லோட் பட்டனை அழுத்திச் சேமித்தது வாங்கியது ஆகாது. அது அந்த ஆப்புக்குள் மட்டும் திறக்கும், டிஜே மென்பொருளில் இழுத்துப் போட்டால் ஒன்றும் நடக்காது.

பாட்டு இருக்கிறது, தேடினால் வரவில்லை

சினிமாப் பாட்டில் "ஆர்ட்டிஸ்ட்" கட்டத்தில் யார் பெயர் இருக்க வேண்டும் என்று யாரும் முடிவு செய்யவில்லை. ஒரு ஆல்பத்தில் இசையமைப்பாளர், இன்னொன்றில் பாடகர், மூன்றாவதில் இருவரும் சேர்த்து, சிலவற்றில் பாட்டெழுதியவரும். இளையராஜா பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு கடையில் ஓர் 'ஏ', இன்னொரு கடையில் இரண்டு, நடுவில் 'ஐ'யா 'ஒய்'யா என்று வேறு. ஏ.ஆர். ரஹ்மான் பெயரில் புள்ளிக்குப் பின் இடைவெளி இருக்கிறதா இல்லையா என்பதுகூட மென்பொருளுக்கு வேறு வேறு ஆள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம், 9.40-க்கு மாப்பிள்ளையின் மாமா வந்து ஒரு பாட்டைக் கேட்டால் நான்கு விதமாக அடித்துத் தேட நேரம் இருக்காது.

எம்பி3டேக் என்ற மென்பொருள் விண்டோஸுக்கு இலவசம். பாட்டுகளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே வீச்சில் திருத்தலாம். நான் சொல்லும் ஒழுங்கு: பாடகர் ஆர்ட்டிஸ்ட் கட்டத்தில், இசையமைப்பாளர் கம்போஸர் கட்டத்தில், படத்தின் பெயர் ஆல்பத்தில். எந்த எழுத்துக்கூட்டலாக இருந்தாலும் பரவாயில்லை, ஒன்றைப் பிடித்து அதையே கடைசி வரை வையுங்கள். ஆண்டையும் பாருங்கள், தொகுப்பு ஆல்பத்திலிருந்து வாங்கிய எண்பதுகளின் பாட்டுக்குத் தொகுப்பு வெளிவந்த ஆண்டு, 2014 என்பது போல, ஒட்டியிருக்கும். அப்படியே விட்டால் எண்பதுகள் பட்டியலில் அந்தப் பாட்டு வரவே வராது.

திருத்திய பிறகும் பழைய பெயரே தெரிகிறதா? ஃபைலில் மாறிவிட்டது, மென்பொருளின் கணக்கில் மாறவில்லை. ரெகார்ட்பாக்ஸில் "ரீலோட் டேக்", செராட்டோவில் "ரீஸ்கேன்" கொடுங்கள்.

தமிழில் எழுதிய பெயர் கோணல்மாணலாகத் தெரிகிறது

தலைக்கு மேல் சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ', அதற்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்', இதுவே திரும்பத் திரும்ப வந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்: டேக்கில் இருப்பது நல்ல தமிழ்தான், படிப்பவன் தப்பாகப் படிக்கிறான். யூடிஎஃப்-8 என்கிற எழுத்துக் குறியீட்டு முறையில் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். முதல் பைட்டை லத்தீன் எழுத்தாகப் படித்தால் அந்தச் சாய்கோடு 'ஏ' வரும், இரண்டாவதைப் படித்தால் பெரும்பாலும் அந்த வட்ட 'ஆர்'. ஐடி3-இன் 2.3 பதிப்பில் யூடிஎஃப்-8 என்பதற்கே இடமில்லை, 2.4-இல்தான் வந்தது. சில கருவிகள் 2.3 என்று போட்டுவிட்டு உள்ளே யூடிஎஃப்-8-ஐத் திணிக்கின்றன, சிக்கல் அங்கே பிறக்கிறது. எம்பி3டேக் அமைப்பில் "ஐடி3வி2.3, யூடிஎஃப்-16" என்று வைத்து, பெயரைச் சரியாக எழுதி மறுபடி சேமியுங்கள். இந்தக் கலவையை அநேகமாக எல்லா மென்பொருளும் ஒழுங்காகப் படிக்கும்.

பெயர் பாதியில் வெட்டுப்பட்டிருந்தால் அது வேறு நோய். மிகப் பழைய ஐடி3-யின் முதல் பதிப்பு ஃபைலின் வாலில் 128 பைட்டில் அடங்கும், தலைப்புக்கு 30 எழுத்துதான் இடம். அதில் தமிழ் தாங்காது. அந்தப் பழைய டேக்கை நீக்கிவிடலாம், நஷ்டம் ஒன்றுமில்லை.

சரி, லேப்டாப்பில் அழகாகத் தெரியும் தமிழ், மண்டபத்தில் இருக்கும் பிளேயரின் திரையில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால்? அதில் தமிழ் எழுத்துரு இல்லை, உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. வாடகை பிளேயரில் வாசிப்பவர்கள் தலைப்பை ஆங்கில எழுத்தில் வைத்து, தமிழைக் கமெண்டில் வையுங்கள். வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் இருட்டில் கட்டத்தைப் பார்த்துப் பாட்டைக் கண்டுபிடிக்க முடியாது.

கீ பொருந்துகிறது என்கிறது, காதுக்கு இனிக்கவில்லை

கீக்களுக்கு எண் கொடுத்து எது எதோடு சேரும் என்று சொல்லும் கேமலாட் முறையில் 8ஏ-வுக்கு 7ஏ, 9ஏ, 8பி ஒத்துப்போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். மறப்பது என்னவென்றால், டெம்போ ஸ்லைடரை ஏறக்குறைய 6 சதவீதம் நகர்த்தினால் சுருதி ஓர் அரைச்சுரம் நகரும். 8ஏ பாட்டை 6 சதவீதம் ஏற்றினால் அது 3ஏ. டேக்கில் இன்னும் 8ஏ என்றே இருக்கும். வேகம் மாறினாலும் சுருதியை மாறவிடாத கீ லாக்கைப் போடுங்கள், அல்லது நகர்த்தல் சிறிதாக இருக்கும்படி பக்கத்து டெம்போ பாட்டாகப் பார்த்து எடுங்கள், டெம்போ டேக் சரியாக இருக்க வேண்டும் என்று நான் தலையால் அடித்துக்கொள்வது இதற்கும் சேர்த்துத்தான். ராகத்தில் போட்ட பாட்டுகளை மேஜர், மைனர் என்று இரண்டே பெட்டியில் அடைக்கப் பார்க்கும் மென்பொருள் தடுமாறும், அங்கே ஹெட்ஃபோனில் காதால் பாருங்கள். குத்து செட்டுக்குக் கீயைப் பற்றி நான் கவலைப்படுவதே இல்லை.

டேக்கில் 320, ஸ்பீக்கரில் தகரம்

320 என்பதும் ஒரு விவரம்தான், அதுவும் பொய் சொல்லும். 128 கேபிபிஎஸ் ஃபைலை 320-ஆக மாற்றிச் சேமித்தால் அளவு பெருக்கும், போன சத்தம் திரும்பி வராது. ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் ஃபைலை இழுத்துப் போடுங்கள். வண்ணப் படம் 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியது போல நின்றால் அது மாற்றிய சரக்கு. உண்மையான 320 ஏறக்குறைய 20 வரை போகும்.

மென்பொருளை மாற்றினேன், எல்லாக் கிரிட்டும் ஒரு நூல் தள்ளிவிட்டது

எம்பி3-இன் ஒரு பிரேம் 1152 சாம்பிள், 44.1 கிலோஹெர்ட்ஸில் 26 மில்லி நொடி. ஃபைலின் தொடக்கத்தை ஒரு மென்பொருள் ஒரு பிரேம் முன்னதாகவும் இன்னொன்று பின்னதாகவும் எடுத்துக்கொள்ளும். கியூ பாயின்ட்டுகளை (பாட்டில் நீங்கள் குறித்து வைத்த இடங்களை) ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தரும் கருவிகளில் இதற்கென்றே ஒரு திருத்தம் இருக்கும், அதைத் தேடிப் போடுங்கள். இல்லையென்றால் கிரிட்டை மட்டும் மறுபடி அனலைஸ் செய்யுங்கள். வேவ், ஏஐஎஃப்எஃப் ஃபைல்களில் இந்தத் தொல்லை இல்லை.

பென்டிரைவைச் செருகினால் பெயரே இல்லை, அல்லது இ-8305

வேவ் வாங்கியவர்களின் கோளாறு. வேவில் டேக் எழுத எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே வழி இல்லை, ஒரு கடை எழுதுவதை இன்னொரு மென்பொருள் படிக்காது. அதே தரம் வேண்டும், டேக்கும் வேண்டும் என்றால் ஏஐஎஃப்எஃப் வாங்குங்கள். அளவு அதே நிமிடத்துக்குப் பத்து எம்பிதான், ஆனால் டேக் ஒழுங்காக நிற்கும். ஃபிளாக் இன்னும் சிறிது, ஆனால் சிடிஜே-2000 நெக்சஸ்2 பிளேயருக்கு முந்தைய சிடிஜே-2000 வரிசை பிளேயர்களில் அது ஓடாது, எனவே வாடகைக்குக் கொடுப்பவரிடம் மாடல் பெயரைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

திரையில் இ-8305 வந்தால் ஃபைல் வடிவம் பிடிக்கவில்லை என்று பொருள். சாதாரண 16 பிட் வேவ்தானே என்று தோன்றும். ஃபைலின் தலைப்பகுதியில் எக்ஸ்டென்சிபிள் என்ற வகைக் குறி இருந்தால் பல பிளேயர்கள் திறக்க மறுக்கும், 32 பிட் ஃப்ளோட் என்றாலும் அப்படியே. லேப்டாப்பில் கொஞ்சமும் முணுமுணுக்காமல் பாடிவிடும் என்பதுதான் இதில் ஆபத்து. ஆடாசிட்டி என்ற மென்பொருளில் திறந்து 16 பிட் ஏஐஎஃப்எஃப் ஆக ஏற்றுமதி செய்து, ரெகார்ட்பாக்ஸில் மறுபடி சேர்த்து, கிரிட் பார்த்து, பென்டிரைவுக்கு அனுப்புங்கள். பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் பக்கம் வேலை என்றால் இதையெல்லாம் வீட்டிலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள், மலைப் பாதையில் சிக்னல் வரும் போகும், மண்டபத்தில் உட்கார்ந்து கடைக் கணக்கைத் திறந்து மறுபடி இறக்கலாம் என்பது நடக்காது.